கொழுக்குமலையில் ஒடிந்த காது

முதல் நாள், வெள்ளி

கோவையில் விடியுமுன் பஸ் ஏறி, பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று மாறி மாறிப் போடிக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஏலக்காய் வாசம். மலையில் விளைவதெல்லாம் இங்கே இறங்கித்தான் விலையாகிறது. ஸ்பைசஸ் போர்டின் ஏல மையமும் இந்த ஊரில்தான். மூட்டை தூக்குகிறவர் பக்கத்தில் நின்றால் பாயச வாசனை அடிக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 ஜூனிலிருந்து நேரடி ரயில் உண்டு. எங்களுக்கு இன்னும் பஸ்தான்.

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. நவம்பர் கடைசி என்பதால் பாறைகளில் எல்லாம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மெட்டில் செக்போஸ்ட் தாண்டினால் கேரளா. கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன, பேச்சு மாறவில்லை. பூப்பாறை, ஆனையிறங்கல் அணை என்று சுற்றி சூரியநெல்லி வர இருட்டிவிட்டது. ஆட்டோக்காரர் ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். அரிக்கொம்பன் யானையை 2023-இல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களே என்றேன். "அது ஒண்ணுதான் சார் போச்சு" என்றார்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, அதாவது தமிழ்நாட்டில். வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் வந்து சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். உயரம் ஏறக்குறைய 7,900 அடி. தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் கல் பாதை, நம் காரெல்லாம் ஏறாது. உள்ளூர் ஜீப்தான்.

ஸ்டாண்டில் ஒரு லாங் சேஸ் ஜீப்காரரிடம் காலை நான்கு மணிக்குப் பேசி வைத்தேன். ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் தேயிலை பறிக்க வந்த குடும்பமாம். ஜீப்பும் பழசு. பெயின்ட் புதுசு.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். முன்பக்க இடது டயரின் உள்பக்கம் ஈரமாக, பழுப்பாக, மேலிருந்து கீழே கோடு போட்டிருந்தது. பிரேக் ஆயில் அந்த நிறத்தில் இருக்காது. முன்சக்கரம் திரும்புகிற மூட்டான நக்கிளுக்குள் இருக்கும் கிரீஸ் தண்ணீரோடு கலந்து வெளியே வருகிறது என்றால்தான் அந்த நிறம். அப்பா கணபதியில் லேத் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் இருப்பேன், அதனால் வண்டியைப் பார்த்தால் முதலில் அடிப்பாகத்தைப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. சொல்லலாமா என்று நினைத்தேன். வாடகைக்கு வந்தவன் வண்டியைக் குறை சொன்னால் யாருக்குப் பிடிக்கும். சொல்லவில்லை.

இரண்டாம் நாள், சனி

நாலே காலுக்குக் கிளம்பினோம். நான் முன் சீட்டில். பின்னால் மதுரைக் குடும்பம் ஒன்று: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்ட பாட்டி. தார் ரோடு முடிந்ததும் ஜீப்கார அண்ணன் இறங்காமலே குட்டி லீவரை இழுத்து ஃபோர் வீல் போட்டார், அடுத்ததில் லோ, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர். அதன்பிறகு நடக்கிற வேகம்தான். பாட்டி முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

முக்கால் பாதை ஏறியிருப்போம். இடது பக்கம் மடங்கும் ஒரு வளைவு, உள்பக்கம் படிக்கட்டு மாதிரி ஒரு பாறை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, இடது முன்சக்கரத்தைப் பாறையில் முட்டவைத்து ஏற்றினார். சக்கரம் சேற்றில் சுழன்றது. இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர். சுழன்ற சக்கரம் திடீரென்று பாறையைப் பிடித்தது.

காய்ந்த வேங்கைக் கட்டையைக் கோடாலியால் பிளந்த மாதிரி ஒரு சத்தம். உடனே ஸ்டியரிங்கில் கடகடவென்று ஓர் உதறல். அண்ணன் அந்த நொடியே என்ஜினை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டி கூட.

"ஒடிஞ்சிருச்சு" என்றார். எது என்று சொல்லவில்லை.

பின்னால் வந்த இரண்டு ஜீப்புகளில் மதுரைக்காரர்களைப் பிரித்து ஏற்றி அனுப்பினார். என்னையும் போகச் சொன்னார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டாமா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒங்க இஷ்டம் சார்" என்றார்.

முன் ஆக்சில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பின் ஆக்சில் ஷாஃப்ட் நேராகப் போகிற ஓர் இரும்புத் தண்டு, அவ்வளவுதான். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் தண்டை இரண்டாக வெட்டி, நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ் வைத்து இணைத்திருப்பார்கள். உள் ஷாஃப்டின் நுனியில் ஒரு கவட்டை, வெளி ஷாஃப்டின் நுனியில் ஒரு கவட்டை. ஒவ்வொரு கவட்டைக்கும் இரண்டு காது. நான்கு காதிலும் நான்கு கப், கப்புக்குள் ஊசி ஊசியாக நீடில் பேரிங், அதற்குள் கிராஸின் நான்கு கை. இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லீஸ் ஜீப்பின் முன் ஆக்சிலும் இப்படி மூடிய உருண்டைக்குள் திரும்பும் வகைதான். அந்த வம்சம் நம் ஊரில் வெகுகாலம் ஓடியது, இந்த மலையில் இன்னும் ஓடுகிறது.

சக்கரம் நேராக இருக்கும்போது கிராஸுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மடங்க மடங்கத்தான் தொல்லை. உள் ஷாஃப்ட் ஒரே சீராகச் சுற்றினாலும் வெளி ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. 30 டிகிரி மடங்கியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் சுமார் 15 சதவீதம் ஏறும், இரண்டு தடவை 13 சதவீதம் இறங்கும். காதின்மேல் விழும் விசையும் அப்படியே ஏறி இறங்கும். அதோடு லோ கியர் முறுக்குவிசையை இரண்டரை மடங்கு ஆக்கித் தருகிறது. முழுக்க ஒடித்த சக்கரம், லோ கியர், வழுக்கிக்கொண்டிருந்த டயர் திடீரென்று பிடித்தது. மூன்றும் சேர்ந்தால் காதுதான் பலி.

வீல் நட்டைத் தரையிலேயே இளக்கி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கல் வைத்து, பாறைமேல் பலகை போட்டு ஜாக்கியை நிறுத்தினோம். சக்கரம் கழன்றது. ஹப்பின் முகத்தில் இருக்கும் ஃபிளாஞ்சின் ஆறு போல்ட்டையும் கழற்றி, சுத்தியலால் சுற்றிலும் தட்டி உருவினோம். உள்ளே இரண்டு பெரிய நட், நடுவில் காது மடித்த வாஷர். அந்த நட்டுக்கான பாக்ஸ் ஸ்பேனர் அண்ணனிடம் இல்லை. உளியை வைத்துத் தட்டிக் கழற்றுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற பாவம். அவரும் உளியை எடுத்தார். நல்லவேளை, திரும்பி வந்த ஒரு ஜீப்பில் ஸ்பேனர் இருந்தது.

இதற்குள் விடிந்துவிட்டது. நாங்கள் நின்ற வளைவு மலையின் மேற்குச் சரிவில். உதயம் பார்க்க வந்தவனுக்கு முகட்டின் விளிம்பு மட்டும் சிவந்ததுதான் தெரிந்தது. அந்த விளிம்புக்கு அப்பால் குரங்கணி. 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோன சரிவு அந்தப் பக்கம்தான். அண்ணன் அந்தத் திசைக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

டிரம் வந்தது. பிரேக் தட்டைக் கழற்றி, ஹோஸ் இழுபடாமல் கம்பியால் சேஸில் கட்டித் தொங்கவிட்டோம். ஹப்பைத் தாங்கும் குழாயான ஸ்பிண்டிலை மரக்கட்டை வைத்துத் தட்டினார். அது வெளியே வந்ததும், பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீர் மாதிரி குழம்பு கொட்டியது. கிரீஸ் என்றால் கறுப்பாக, தேன் பதத்தில் இழுபட வேண்டும். இது சுக்குக் காப்பி. அதில் செம்மண் பொடி மாதிரி மிதந்தது என்னவென்று விரலால் நசுக்கிப் பார்த்தேன். நீடில். அதாவது ஒரு காலத்தில் நீடிலாக இருந்தது.

வெளி ஷாஃப்ட் கிராஸின் பாதியோடு கையில் வந்தது. உள் ஷாஃப்டை இழுத்து எடுத்துப் பார்த்தால், கவட்டையில் ஒரு காது இல்லை. ஒடிந்த துண்டு உருண்டைக்குள் சேற்றில் கிடந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒடிந்த முகத்தில் கால்வாசி கறுத்துப் பழுப்பேறி, கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல் வரிவரியாக இருந்தது. மீதி முக்கால்வாசி கற்கண்டை உடைத்த மாதிரி பளபளவென்று புத்தம் புதுசு.

"அண்ணே, இது இன்னைக்கு ஒடிஞ்சதில்ல" என்றேன். "கீறல் விட்டு மாசக்கணக்காச்சு. இன்னைக்குக் கழண்டு விழுந்துச்சு, அம்புட்டுதான்."

என் வாயில் 'அம்புட்டு' எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைச் சார் என்று கூப்பிடவில்லை. தம்பி ஆகிவிட்டேன்.

ஷாஃப்ட் இல்லாமல் வண்டி இறங்குமா? இறங்கும். சக்கரத்தைத் தாங்குவது ஸ்பிண்டிலும் பேரிங்கும்தான், ஷாஃப்ட் சுற்ற மட்டுமே. ஒடிந்த துண்டுகளை உள்ளேயே விட்டுவிட்டு ஓட்டினால்தான் ஆபத்து. உருண்டைக்குள் எங்காவது சிக்கி ஸ்டியரிங் இறுகிவிட்டால் நேரே பள்ளம். ஷாஃப்ட் இல்லாத குழாய் வழியே டிஃபரன்ஷியல் (இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் வடியும் என்பதால், பனியன் வேஸ்ட்டை உருட்டிக் குழாய் வாயை அடைத்தார். ஃபிளாஞ்ச் இருந்த ஓட்டைக்குப் பழைய டியூபை வெட்டி மூடி போட்டார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் ரசித்தேன். அந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்க முடியாது, லோ கியர் வேண்டும். இந்த ஜீப்பிலோ ஃபோர் வீல் போடாமல் லோ விழாது, கியர் பெட்டிக்குள்ளேயே அப்படித் தடை வைத்திருக்கிறார்கள். அவர் பேசாமல் ஃபோர் வீலும் போட்டார், லோவும் போட்டார். ஒரு பக்க ஷாஃப்ட் இல்லாததால் முன் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கமாகச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வலது சக்கரத்துக்கும் இழுவை போகாது. ஆக முன்பக்கம் எதுவும் இல்லாமல் பின்சக்கரத்துக்கு மட்டும் லோ. காகிதத்தில் படம் போட்டு நான் யோசித்திருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

சூரியநெல்லி வந்து சேரப் பதினொன்று.

மூன்றாம் நாள், ஞாயிறு

மழை. போடியில் பட்டறை எல்லாம் லீவு. ஞாயிறுதான் ஜீப்காரர்களுக்கு வாரத்திலேயே நல்ல நாள். காலையில் ஜன்னல் வழியே ஒவ்வொரு ஜீப்பாக ஏறிப்போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஜீப் மட்டும் தார்ப்பாய் போட்டு நின்றது.

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சோறு, கருவாட்டுக் குழம்பு. அண்ணி கேட்ட ஒரே கேள்வி: "எத்தன நாள் ஆகும்?" இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. நான் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவன். லீவு கேட்டு மெசேஜ் போட்டுவிட்டேன். காரணம் 'வண்டி பழுது'. பொய் இல்லை.

நான்காம் நாள், திங்கள்

காலை பஸ்ஸில் போடி. ஒடிந்த ஷாஃப்ட் இரண்டும் ஏலக்காய்ச் சாக்கில் சுற்றி என் கால் நடுவே. கண்டக்டர் லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று இடத்தில் மூன்று வைத்தியம் சொன்னார்கள். முதல் பட்டறையில், "காதை ஒட்டவச்சு வெல்டு போட்டு லேத்துல புடிச்சுத் தர்றேன், சாயங்காலம் வாங்கிக்க" என்றார்கள். விலையும் மலிவு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. இந்த இரும்பு முறுக்கைத் தாங்குவதற்காகச் சூடு காட்டிப் பதப்படுத்தியது. வெல்டு வைக்கிற சூட்டில் அந்தப் பதம் போய், வெல்டுக்குப் பக்கத்து இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்பா பட்டறையில் எதற்கெல்லாமோ வெல்டு வைப்பார், ஆக்சில் ஷாஃப்ட் என்றால் மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இரண்டாவது யோசனை, புதுசாகவே லேத்தில் செய்துவிடுவது. பின் ஷாஃப்டுக்கு இது சரி. ஈ.என். 24 ரக இரும்பு ராடு வாங்கிக் கடைந்து, நுனியில் ஸ்பிளைன் என்கிற பல் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்துவிடலாம். முன் ஷாஃப்டின் நுனியில் கவட்டை இருக்கிறதே. அது தண்டோடு ஒரே இரும்பாகச் சூட்டில் அடித்து எடுத்தது. ராடில் கடைந்தால் கவட்டை வராது.

மூன்றாவதாகப் பார்த்தவர்தான் மேஸ்திரி. எழுபது வயதுக்கு மேல். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல். ஒடிந்த காதைக் கையில் வாங்கி, பழுப்பு நிறத்தை நகத்தால் சுரண்டினார்.

"மலை வண்டியா? சீல் மாத்தி எம்புட்டு நாளாச்சு?"

அண்ணன் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"ஏன்யா, தண்ணி உள்ள போனா கிரீஸ் என்னத்துக்கு ஆகும்? நீடில் துருப்புடிச்சு இறுகிருச்சு. கிராஸ் திரும்ப மாட்டேன்னா காதுதானே வாங்கும்?"

புது ஷாஃப்ட் ஆர்டர் போட்டு வரப் பத்து நாளாகும் என்றது ஸ்பேர்ஸ் கடை. பழசு ஒன்று மேஸ்திரியிடமே இருந்தது, பரணில், எண்ணெய்த் துணி சுற்றி. நீளம் நூல் வைத்து அளந்தோம், சரி. இந்த ஆக்சிலில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருக்கும், அதனால் இடது ஷாஃப்ட் நெட்டை, வலது குட்டை. கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் மலையேறிப் போய்த்தான் தெரியும். ஸ்பிளைன் பல்லை எண்ணினோம், சரி. அண்ணன் பணத்தை எடுக்கப் போனார். "இரு" என்றார் மேஸ்திரி.

ஷாஃப்டை மண்ணெண்ணெயில் அரைமணி நேரம் ஊறப்போட்டார். எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்தார். பையனை விட்டுச் சாக்பீஸ் வாங்கிவரச் சொல்லி, இடித்துப் பொடியாக்கி, ஷாஃப்ட் முழுக்க விபூதி மாதிரி பூசினார். பிறகு மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் நான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். ஸ்பிளைன் ஆரம்பிக்கிற இடத்தில், வெள்ளைப் பொடியில் மெதுவாக ஒரு ஈரக்கோடு தெரிந்தது. தலைமயிர் அளவு. கீறலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே வந்து காட்டிக்கொடுக்கிறது.

"எட்டு வருசமா இத வித்துரலாம்னு வச்சிருந்தேன்" என்று சொல்லி அதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். அந்தச் சத்தமும் நல்ல இரும்பின் சத்தமாக இல்லை.

மீந்த சாக்பீஸ் துண்டை வைத்துப் பட்டறைப் பையனுக்கு ஒன்று காட்டினேன். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் சாக்பீஸ் நேராக ஒடியாது, 45 டிகிரியில் சுருளாகத்தான் ஒடியும். அதுபோல் ஒடிந்த ஷாஃப்ட் வந்தால் இரும்பு அளவுக்கு மீறி விறைத்திருந்தது என்று அர்த்தம். முறுக்கிலேயே வளைந்து கொடுக்கும் நல்ல இரும்பு கத்தியால் வெட்டினதுபோல் நேராகத்தான் அறும். பையன் நான்கு சாக்பீஸ் ஒடித்துப் பார்த்தான். மேஸ்திரி சாக்பீஸ் டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

மதுரையில் அண்ணனின் மச்சான் ஒருவர் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடி, மூன்று போட்டோ அனுப்பி, ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றபடி அது போடிக்கு வந்தபோது மணி ஏழரை. மறுபடி நூல், மறுபடி பல் எண்ணிக்கை, மறுபடி மண்ணெண்ணெய், சாக்பீஸ். இந்தத் தடவை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார் மேஸ்திரி. கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது.

ஷாஃப்ட் 2,800 ரூபாய். கிராஸ் புதுசு, சீல் செட் புதுசு, ஹப் வாஷர் புதுசு. மேஸ்திரி கூலி கேட்கவில்லை. "நாளைக்கு மேல வர்றேன், அங்க வச்சுப் பேசிக்கலாம்" என்றார். அந்த வண்டியை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்

பதினோரு மணி பஸ்ஸில் மேஸ்திரி வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் பாக்ஸ் ஸ்பேனரும் வெற்றிலையும்.

கிராஸ் போடுவது பார்க்க எளிது. கப்பை வைஸில் வைத்து அழுத்தும்போது ஒரே ஒரு நீடில் சாய்ந்து கீழே விழுந்தாலும் கப் முழுதாக உட்காராது, சர்க்கிளிப் மாட்டாது. அவசரப்பட்டவன் சுத்தியலால் அடிப்பான், நீடில் ஒடியும், மூன்று மாதத்தில் திரும்பி வருவான். மேஸ்திரி ஒவ்வொரு கப்பிலும் கிரீஸைத் தடவி நீடில்களை அதிலேயே ஒட்டி நிறுத்தினார். நான்கு கப்பும் உட்கார்ந்ததும் கவட்டையைக் கையில் தொங்கவிட்டார். தன் எடைக்கே மடங்கி விழுந்தது. "இப்படி விழணும்" என்றார்.

பிறகு உருண்டையைச் சுற்றித் துடைத்தோம். மண்ணெண்ணெய், வேஸ்ட், மண்ணெண்ணெய், வேஸ்ட். இரண்டு மணி நேரம் இதுவேதான், எழுத ஒன்றுமில்லை. குழாயை அடைத்திருந்த வேஸ்ட்டை எடுக்க மறந்துவிடக்கூடாது என்று அண்ணன் மட்கார்டில் சாக்பீஸால் 'துணி' என்று எழுதி வைத்திருந்தார்.

உள் சீல், வெளியே இரண்டு பாதியாக வரும் ஃபெல்ட் சீல், கிங் பின்னுக்குக் கீழே மெல்லிய தகடுகள் பழைய வரிசைப்படியே. ஷாஃப்டை நுழைக்கும்போது சீல் உதட்டில் பல் கீறாமல் இருக்க, ஒரு கை அடியில் தாங்கி, இன்னொரு கையால் மெதுவாகத் திருகிக்கொண்டே உள்ளே விட வேண்டும். டிஃபரன்ஷியலுக்குள் பல்லோடு பல் சேர்ந்ததும் 'க்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஹப் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின் கொஞ்சம் தளர்த்தி, வாஷர் காதை மடித்தார். புது கிரீஸ். 90 நம்பர் கியர் ஆயில், வடிந்துபோன அளவுக்கு.

எல்லாம் முடிந்தது என்று நான் கை கழுவப் போனபோது மேஸ்திரி ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டார். அங்கிருந்து குரல்: "இந்த ஸ்டாப்பர் போல்ட்ட உள்ள விட்டது யாரு?"

நக்கிள் பக்கத்தில் ஒரு போல்ட் இருக்கும். சக்கரம் இவ்வளவுதான் திரும்பலாம் என்று தடுப்பது அதுதான். அதை உள்ளே திருகிவிட்டால் சக்கரம் கூடுதலாக மடங்கும், கொண்டை ஊசியில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வீச்சில் திரும்பலாம். கிராஸுக்கோ ஆகாத கோணம்.

"எல்லா வண்டியிலயும் இப்படித்தான் மேஸ்திரி. வளைவுல நின்னு ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொல்லுவான்."

"அவன் ஷாஃப்ட் வாங்கித் தருவானா?"

போல்ட்டைப் பழைய இடத்துக்கு வெளியே கொண்டுவந்து நட்டை இறுக்கினார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. என் கருத்தைக் கேட்டால், சீல் போனதைவிட இந்தப் போல்ட்டுக்குத்தான் பெரிய பங்கு. சீல் கீறலைத் தொடங்கி வைத்தது, போல்ட் ஒவ்வொரு வளைவிலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. மேஸ்திரி இதை ஒத்துக்கொள்ளவில்லை, சீல்தான் என்கிறார். டீக்கடையில் அரைமணி நேரம் வாதம் நடந்தது. முடியவில்லை.

மாலையில் சேற்றுப் பாதையில் கொஞ்ச தூரம் ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. தார் ரோடு ஏறுமுன் அண்ணன் டூ வீலுக்கு மாற்றினார். இந்த வகை ஜீப்பில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிவிடும், வளைவில் முன்சக்கரம் ஓடும் தூரமும் பின்சக்கரம் ஓடும் தூரமும் வேறு. மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, அந்த முறுக்கம் முழுக்க ஷாஃப்டில் ஏறும்.

மேஸ்திரியைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சொன்னேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமையே அந்த டயருல ஈரக்கோடு பாத்தேன். ஒங்ககிட்ட சொல்லல."

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார்.

"நான் தீபாவளிக்கு முன்னாடியே பாத்துட்டேன் தம்பி. சீசன் முடியட்டும்னு விட்டேன். நீங்க சொல்லியிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பேனா?"

ஆறாம் நாள், புதன்

நான்கு மணிக்கு அதே ஜீப், அதே முன் சீட். பின்னால் திருச்சியிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் ஆறு பேர். என்னிடம் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வளைவு வந்தது. பாறை அங்கேயேதான் இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்தார், சக்கரம் முன்னைப்போல் மடங்கவில்லை. நின்றார். ஒரு முழம் ரிவர்ஸ். பின்னால் ஹாரன். இன்னொரு முழம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டு, அதன்பிறகுதான் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தார். சக்கரம் பாறையை நிதானமாகத் தொட்டு ஏறியது. நான் மூச்சு விட்டேன். பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

உச்சியில் மேகம். கிழக்கே வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. அரைமணி நேரம் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தோம். வெளிச்சம் வந்தது, சூரியன் வரவில்லை. 1930-களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் போய் டீ குடித்தேன், நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் முன் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். என்னிடமும் நீட்டினார். வெறும் புழுதி.